கண் திறந்த படம்

எங்கள் வீட்டில் முன்னறைதான் ஸ்டுடியோ. படுக்கையறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே கம்ப்யூட்டர் மேசை. நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் கட்டில் இடிக்கும். தையல் மெஷின் மேல் பலகை போட்டுப் பிரிண்டரை வைத்திருக்கிறேன். படம் எடுக்கும்போது பின்னால் தொங்கும் ஸ்கிரீன் துணி ஆடும் என்று ஃபேனை நிறுத்துவேன். வோல்டேஜ் இறங்கிவிடுமோ என்று சமையலறையில் மிக்ஸியையும் நிறுத்தச் சொல்வேன்.

"ஒருநாள் என்னையும் ஆஃப் பண்ணிடுங்க" என்பாள் மனைவி.

வீட்டோடு தொழில் என்றால் சௌகரியம் என்று பேர். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்ல எனக்கு ஒரு வீடு இல்லை, அவ்வளவுதான். செத்தவர்களின் படம் வந்தால் இன்னும் அசதி. ஒரே முகத்தோடு நாள் முழுக்க உட்கார்ந்தால் தோள்பட்டை கல்லாகிவிடுகிறது. நான் ஒன்பதாவதோடு நின்றவன். அடியில் பெயரும் தேதியும் போடும்போது பிழை வந்துவிடுமோ என்று மனைவியை இரண்டு முறை படிக்கவைப்பேன், பிறகு மகளைக் கூப்பிடுவேன். கல்யாண ஆல்பத்தில் தப்பு வந்தால் திட்டிவிட்டு மறந்துபோவார்கள். இதில் வந்தால் சுவரிலேயே இருக்கும்.

போன மழைக்காலத்தில் கீழ்பென்னாத்தூர் பக்கமிருந்து ஒருவர் வந்தார். தம்பி இறந்து பத்து நாள். கருமாதிக்குப் படம் வேண்டும். அவரிடம் இருந்தவை இரண்டுதான்: ஒன்று தம்பியின் ஆதார் அட்டை, மற்றொன்று போனில் ஒரு காதுகுத்தில் எடுத்தது. அதில் தம்பி நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் கண் மூடியிருந்தது.

"வேற எதுவும் இல்லீங்களா?"

"அவன் எங்கங்க நின்னான்? கேமராவ கண்டா சாம்பார் வாளிய தூக்கினு பந்திக்குப் போயிடுவான்."

"அப்ப ஆதார்ல இருக்கறதையே..."

"அதப் போட்டா போலீஸ் தேடற ஆளுன்னு நெனப்பாங்க. இதையே பண்ணுங்க. கண்ண மட்டும் தொறந்து வுடுங்க."

கண் திறப்பது எங்களுக்குப் பழகின வேலை. மூடிய கண்ணோடு மாலை போட யாரும் சம்மதிப்பதில்லை. ஆனால் திறப்பதற்கு ஒரு கண் வேண்டும். ஆதார் படத்தில் இருந்தவை இரண்டு கரும்புள்ளிகள். எதிரில் நின்றவரைப் பார்த்தேன். அதே புருவம், அதே தடித்த இமை. அவரையே ஸ்டூலில் உட்காரவைத்து, லைட்டை இடப்பக்கம் திருப்பி, நாலைந்து தடவை எடுத்தேன். அவர் கண்களை வெட்டித் தம்பி முகத்தில் வைத்தேன். ஒட்டு தெரியவில்லை. மானிட்டரைப் பார்த்ததும் அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"என் தம்பி வந்துட்டான்ங்க."

அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்துக் கவலையில்லாமல் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து, ஒரு பௌர்ணமியன்று தம்பியின் மனைவி வந்தார். கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஃப்ரேமைத் துணியில் சுற்றி இடுப்பில் இடுக்கியபடி நடந்தே வந்திருந்தார். கம்ப்யூட்டர் அறையில் வேறு இடமில்லாததால் கட்டிலில் வைத்தார். கண்ணாடி உடைந்துவிட்டதோ, பெயர் தப்போ, கலர் இறங்கிவிட்டதோ என்று துணியை அவசரமாக அவிழ்த்தேன்.

"கண்ணு சரியில்லீங்க" என்றார். அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. மனைவி காபி கொண்டுவந்ததும் அவள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க வூடு ஒரே ரூமுக்கா. இது எங்க மூத்தாரு கண்ணு. கண்ணாலம் ஆனதுலேர்ந்து எங்க வூட்டுக்காரரோட அண்ணன் எதிர்ல நான் உக்காந்தது கூட இல்ல. இப்ப செவுத்துலேர்ந்து அவருதான் பாக்கறாரு. நான் எப்பிடிக்கா பொடவ மாத்துவேன்? துண்டு போட்டு மூடி வெச்சா, புருசன் படத்த மூடி வெச்சிருக்கறாளேன்னு பேசறாங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கீபோர்டைப் பார்த்தேன். ஒட்டு தெரிகிறதா, நிழல் சரியா என்று எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். யார் வீட்டில் யாரை இந்தக் கண் பார்க்கப்போகிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற ஆள் நான்.

"வேற கண்ணு வெக்கட்டுங்களா?"

"யாரு கண்ணு?"

நான் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தேன். அவரே கேட்டார்:

"மொதல்ல குடுத்த படம் இருக்குதுங்களா?"

பயத்தில் எதையும் அழிக்காதவன் நான். எடுத்துக் காட்டினேன். அவர் எழுந்து வந்து மானிட்டருக்குக் கிட்டே நின்றார்.

"இதாங்க. சிரிச்சா அவுருக்கு கண்ணே இருக்காது."

"மூடியிருக்குதேம்மா. யாரும் மாட்ட மாட்டாங்க."

"மூடியே இருக்கட்டும்."

பிரிண்ட் பாதி வெளியே வந்திருந்தபோது என் போன் அடித்தது. செத்தவரின் அண்ணன். "இன்னாங்க, படத்துல எதனா ரிப்பேரா? தம்பி பொண்டாட்டி எடுத்துனு வந்துதாமே?"

உங்கள் கண்தான் கோளாறு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கையை நீட்டினார். கொடுத்தேன்.

"நாந்தான் மாத்தச் சொன்னேன் மாமா. சிரிக்கற படம் வேணும்."

அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஏதோ கேட்டார்.

"இல்ல மாமா, அவங்க மேல தப்பு இல்ல. எனக்குத்தான்..." என்று நிறுத்தி, "எனக்கு இதான் மாமா வேணும்" என்றார்.

போன் திரும்ப என்னிடம் வந்தபோது அண்ணன் கேட்டார்: "ஏங்க, நல்லாதான இருந்துது?"

"நல்லாதான் இருந்துதுங்க."

"சரி, அது கேக்கற மாதிரியே குடுத்துடுங்க" என்று வைத்துவிட்டார். அவருக்குப் புரிந்ததா என்று இன்றுவரை தெரியாது.

பின்பக்க ஆணிகளைப் பிடுங்கி, படத்தை மாற்றி, கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். துணியில் சுற்றாமலே எடுத்துக்கொண்டு போனார். பழைய படம் கட்டிலில் கிடந்தது. கிழிக்கலாமென்று எடுத்தேன். முகம் செத்தவருடையது, கண் உயிரோடு இருக்கிறவருடையது. எங்கே பிடித்துக் கிழிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.