தெற்குக் காற்று அடித்தால் பெரிஹான் வருவாள்

பூர்சா நகரின் மலைச்சரிவில் எங்கள் தெருவுக்குக் குளிர்காலம் என்றால் நிலக்கரிப் புகைதான். வெள்ளையாகக் காயப்போட்ட துணியைச் சாம்பல் நிறமாக எடுத்து வருவோம். பிள்ளைகளின் இருமல் பனி உருகும்வரை ஓயாது. அதையெல்லாம் வாய் திறக்காமல் பொறுத்துக்கொள்ளும் நாங்கள், பெரிஹானைக் கண்டால் மட்டும் எரிந்து விழுவோம்.

தெற்குக் காற்று கிளம்பினால் போதும், வீடு வீடாகக் கதவைத் தட்டுவாள். "அடுப்பை அணைங்க! இந்தக் காத்துல புகை மேல ஏறாது, புகைக்குழாய் வழியா உள்ளயே திரும்பும்!" தெருப் பையன்கள் "தீயணைப்பு வண்டி வருது" என்று கத்துவார்கள். "ஆமாண்டா, முதல்ல உங்கப்பன் மீசையிலதான் தண்ணி ஊத்தப் போறேன்" என்பாள்.

அவள் வம்புக்குத் தட்டவில்லை. இளவயதில் துண்டு நெய்யும் ஆலையில் இரவு வேலை பார்த்தாள். ஒரு காலை வீடு திரும்பியபோது அடுப்பு அணைந்திருந்தது. கணவன் ஜெவ்தெத்தும் இரண்டு மகன்களும் படுக்கையில் இருந்தார்கள். மூவர் கன்னமும் நல்ல சிவப்பு. இப்படி அசந்து தூங்குகிறார்களே என்று பூனைபோல நடந்து, கரண்டிச் சத்தம்கூட வராமல் தேநீர் கலக்கினாள். ஆறுவதற்குள் எழுப்பலாம் என்று தொட்டபோதுதான் தெரிந்தது, மூவரும் சில்லிட்டிருந்தார்கள். இரவுத் தெற்குக் காற்றில் உள்ளே திரும்பிய புகை கொன்றவர்களின் கன்னம் அப்படித்தான் சிவந்திருக்கும். அதன்பிறகு அவளுக்கு அமைதி என்றாலே பயம். வேறு ஆளில்லாத அந்த வீட்டில் இன்றும் வானொலி அலறிக்கொண்டே இருக்கும்.

போன குளிர்காலத்தில் எதிர்வீட்டு சானியேவின் மருமகள் நுர்குல் பிள்ளை பெற்றிருந்தாள். நாற்பது நாள் முடியும்வரை பெற்றவள் அறை குளிரக் கூடாது. சன்னல் இடுக்கெல்லாம் கந்தல் திணித்து, சானியே அள்ளி அள்ளிக் கரி போட்டாள். நான் சூப் கொண்டுபோன மத்தியானம் தெற்குக் காற்று. எனக்கு முன்னால் பெரிஹான் வாசலில் நின்றாள்.

"நாப்பது முடியாத பிள்ளை இருக்கிற வீட்ல அடுப்பை அணைப்பாங்களா?" சானியே நெற்றியைப் பிடித்துக்கொண்டு சீறினாள். "உனக்குத்தான் பிள்ளை இல்ல, எங்களுக்கும் வேண்டாமா?"

எனக்கே சுருக்கென்றது. பெரிஹான் அதைக் காதில் வாங்கவில்லை. "தலை வலிக்குதா அக்கா?"

"தெற்குக் காத்துன்னா யாருக்குத்தான் வலிக்காது? நுர்குலும் காலையிலருந்து படுத்துக் கிடக்கா."

அதுவும் உண்மைதான். இந்தக் காற்றடித்தால் தலைவலி என்பது எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது.

"பிள்ளை?"

"அவன் தங்கம். காலையிலருந்து ஒரு அழுகை இல்ல. சூட்டுக்குக் கன்னம் எப்படிச் சிவந்திருக்கு, வந்து பாரேன்!"

பெரிஹான் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். செம்புக் குடத்தால் சன்னலை உடைத்தாள். பிள்ளையை வாரிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். சானியேவும் நானும் நுர்குலை இழுத்துவந்தோம். காற்றுப் பட்டதும் அவள் வாந்தியெடுத்தாள். பிள்ளை மட்டும் துணிபோலத் துவண்டு கிடந்தான். பெரிஹான் அவன் உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடி சுண்டினாள்.

முதலில் ஒரு முனகல் வந்தது. அப்புறம் தெருவே திரும்பிப் பார்க்கும் அலறல்.

சானியே தள்ளாடி வந்து கை நீட்டினாள். "அழாதே ராஜா, ஷ்ஷ்..."

பெரிஹான் சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். "அடக்காதீங்க அக்கா. அழட்டும்."