கைகள் இல்லாத விண்மீன் மண்டலம்

போன நவம்பரில் வள்ளம் பழுதுபார்க்கும் சிலுவை மாமாவின் கொட்டகைக்குள் முதன்முதலாக நுழைந்தபோது ஜெரிஷ் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் ரெசினின் நெடி அது. அதற்குப் பயந்தே ஊரில் யாரும் அங்கே நின்று பேசுவதில்லை. வேலை இருந்தால் வள்ளத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

ஜெரிஷ் தன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எம்.எஸ்சி. இயற்பியல் படித்தவன் என்பதாலேயே தேவாலயத்தின் கிறிஸ்துமஸ் குடில் கமிட்டி அவனைச் செயலாளர் ஆக்கியிருந்தது.

"இந்த வருசம் காகித நட்சத்திரம் வேண்டாம் மாமா. குடிலுக்கு மேல ஒரு கேலக்ஸி தொங்கணும். ஃபைபர்ல செய்வியளா?"

சிலுவை உப்புத்தாளைக் கீழே வைத்தார். மனைவி இறந்தபின் அவர் தனியாள். ஒரே மகள் அபினா அயர்லாந்தில் நர்ஸ்.

"கோயில்ல நடக்கது லைவ்ல போவுமா மக்கா?"

"போவும்."

"அப்போ அபினா அங்க இருந்தே பாத்துருவா. செய்து தாறேன்."

கைபேசியைத் துடைத்து ஒரு படத்தைக் காட்டினார். நடுவில் உப்பி, விளிம்பு நோக்கி மெலிந்துபோகும் ஓர் ஒளித்தட்டு. 'கவுத்துப்போட்ட நம்ம வள்ளம் மாதிரி இருக்குப்பா' என்று எழுதி மகள் எப்போதோ அனுப்பியது. வில்லை வடிவ விண்மீன் மண்டலம் என்று ஜெரிஷுக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"இதுக்கு ஏன் மத்த படத்துல உள்ள மாதிரி சுருண்டு வாற கை இல்ல?"

"சுருள் மண்டலத்துக்கு உள்ள தட்டு இதுக்கும் உண்டு மாமா. ஆனா வாயு தீந்துபோச்சு. வாயு இல்லாம புது நட்சத்திரம் பிறக்காது. இருக்கது எல்லாம் வயசானது, மஞ்சளும் சிவப்பும்."

"பிறப்பு நின்னா, ஓட்டமும் நின்னுருமா?"

"இல்ல, அது பாட்டுக்குச் சுத்திட்டே கெடக்கும்."

சிலுவை படத்தை விரலால் பெரிதாக்கி மறுபடி பார்த்தார்.

டிசம்பர் பாதிவரை அதே வேலையாக இருந்தார். பழைய மிதவை ஒன்றை அச்சாக்கி நடு உப்பலை வார்த்தார். தட்டை விளிம்புவரை தேய்த்து மெலிதாக்கினார். தக்கலையில் வாங்கிய மஞ்சள் விளக்குகளை நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் இடைவெளி விட்டும் பதித்தார். மண்டலத்தில் மிஞ்சிக் கிடக்கும் தூசிக்கென்று கருப்பாக ஒரு கீற்று. புது நட்சத்திரத்தின் நிறமான நீலத்தில் ஒரு விளக்குகூட வைக்கவில்லை.

பார்க்க வந்த கமிட்டித் தலைவன் ஜெமி சிரித்துவிட்டான்.

"எலே ஜெரிஷே, இது கேலக்ஸியா, தோசைக்கல்லுல ஊத்துன புல்ஸ்-ஐ முட்டையா? மாமா, வேலை பாதியில நிக்கு. கை எங்க?"

"எல்லா கேலக்ஸிக்கும் கை கெடையாதுலே" என்றான் ஜெரிஷ்.

"நீ படிச்சவன், உனக்குத் தெரியும். பாக்க வாறவனுக்கு? கை வச்சா குடிலுக்கு மேல தொங்கும். இல்லன்னா பழைய காகித நட்சத்திரமே மதி, அது போதும்."

ஜெமி போனதும் ஜெரிஷ் கெஞ்சினான். "ரெண்டு கை ஒட்டிருவோம் மாமா. அபினா பாக்கணும்லா?"

சிலுவை விளிம்பைத் தடவினார். "ஒட்டலாம். பாக்கவும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கும். ஆனா அவ அனுப்புனது இது இல்லியே மக்கா."

கிறிஸ்துமஸ் மாலை லைவில் காகித நட்சத்திரம்தான் வந்தது. ஜெரிஷ் கூட்டத்திலிருந்து நழுவிக் கொட்டகைக்குப் போனான். உத்திரத்தில் தொங்கிய தட்டு எரிந்துகொண்டிருந்தது. அடியில் சிலுவை மட்டும் நின்றார். கைபேசியில் அபினா.

"லைவ்ல உங்க கேலக்ஸியக் காணோமே அப்பா?"

"இங்கதான் கெடக்கு, பாரு." கேமராவை மேலே திருப்பினார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது.

"ஒரே மஞ்சளாத் தெரியுது. நல்லாருக்குப்பா. டியூட்டிக்கு நேரமாச்சு, வைக்கட்டா?"

"வையி மக்களே."

இணைப்பு அறுந்த பிறகும் அவர் கைபேசியை விளக்குகளுக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். வாசலிலேயே நின்ற ஜெரிஷ் உள்ளே போகவில்லை.

சிலுவை இப்போதும் அதே கொட்டகையில் வள்ளங்களுக்கு ஒட்டுப்போடுகிறார். இந்த வருஷமும் லீவு இல்லை என்று அபினா சொல்லிவிட்டாள். தட்டு உத்திரத்தில் தொங்குகிறது. அந்தி சாய்ந்தால் அவரே சுவிட்சைப் போடுகிறார்.