லீவு போடச் சொன்ன ஏழு பேர்

படாளம் காலனி சந்திரம்மாவின் மூத்த மகன் பெஞ்சமின். காலனியிலிருந்து சயின்ஸ் வாத்தியாரான முதல் ஆள். பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று சாதிப் பிரிவுவாரியாகச் சராசரி பார்க்கும் அரசு அடைவுத் தேர்வுக்கு முதல் நாள், பாடம் ஏறாத ஏழு பிள்ளைகளை ரகசியமாக லீவு போடச் சொன்னார். ஏழும் காலனிப் பிள்ளைகள். அதில் ஒருத்தி சிநேகா, அவருடைய சித்தி மகள் எஸ்தர் பெற்றவள்.

முடிவு வந்தபோது காலனிப் பிள்ளைகளின் அறிவியல் சராசரி மளமளவென்று ஏறியிருந்தது. எஸ்தர் மகளோடு ஜிலேபி வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே, உன்னாலதான் நம்ம பசங்க தேறிகினாங்க! இவதான் வயித்துவலின்னு படுத்துட்டா, சோம்பேறி."

சிநேகா முறைத்தாள். "மாமாதாம்மா வராதன்னாரு."

"இன்னாண்ணே சொல்றா?"

பெஞ்சமின் கூனிக் குறுகிப்போனார். "இவ எழுதினா சராசரி கொறைஞ்சிடும்னு..."

எஸ்தர் ஜிலேபிப் பொட்டலத்தைக் கொடுக்காமலேயே மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.