பந்தயம் பார்க்கப் போகிற அம்மா

சங்ககிரியில் கோவைப் பேருந்து ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வெளுத்த நூல் புடவை, தூக்கம் காணாத கண்கள். பேருந்து எந்த வண்டியை முந்தினாலும் கண்ணை மூடிக்கொண்டு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்.

“சின்னவன் கார் ஓட்டறதைப் பாக்கப் போறேனுங்க. கோயமுத்தூர்ல பந்தயத்துக்குன்னே ரோடு போட்டு வச்சிருக்காங்க.”

அவருடைய பெரிய மகன் திருச்செங்கோடு சாலையில் நண்பர்களோடு கார் பந்தயம் விட்டு, எதிரே வந்த லாரியில் மோதி இறந்துபோனான். அதை அழாமல், அலுத்த குரலில் சொன்னார்.

“அப்புறமும் இவனை விடறீங்களே?”

“வேண்டாம்னா கேக்க மாட்டேங்கறானுங்க. திருட்டுத்தனமா ரோட்டுல ஓட்டறதுக்கு அங்கயே ஓட்டட்டும்னு நாந்தான் சேத்து உட்டேன். அங்க எல்லா வண்டியும் ஒரே பக்கமாப் போகுது, எதுத்தாப்ல ஒண்ணும் வராது. ஆம்புலன்சும் பக்கத்துலயே நிக்குது. பெரியவன் வெகு நேரம் ரோட்டுலயே கெடந்தானுங்க.”

“பாக்கப் பயமா இருக்காதுங்களா?”

“பாக்கறதில்லை சாமி. குனிஞ்சு உக்காந்துக்குவேன். சத்தம் நின்னதும், அவன் ஹெல்மெட்டைக் கழட்டறானான்னு மட்டும் பாப்பேன்.”

கோவையில் இறங்கி, வெயிலில் நகரப் பேருந்தைத் தேடி மெல்ல நடந்தார். அன்று மாலைவரை எனக்கு வேலை ஓடவில்லை. அவன் ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பானா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.