ரேடியோ மாமாவின் கால் மணி நேரம்

அந்தத் தெருவில் ரேடியோ என்றால், முனையில் சலூன் வைத்திருந்தவரைத்தான் குறிக்கும். வந்தவர் கழுத்தில் துணி ஏறியதும் அவர் பேச்சு தொடங்கும். துணியை உதறும்வரை ஓயாது. அங்கே முடி வெட்டிக்கொள்ளத் தலையை மட்டும் கொடுத்தால் போதாது, காதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு வாய் உள்ள மனிதருக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி என்றால் மட்டும் குலைநடுக்கம். கையில் சுற்றும் அதன் பட்டையைக் கண்டாலே செருப்பைத் தேடுவார்.

“ஊர்ல உள்ளவன் கழுத்துக்கெல்லாம் துணி கட்டுறியே, உன் கையில ஒண்ணு கட்டினா உயிரா போயிடும்?” என்று தங்கை கேட்பாள்.

“அங்கே கட்டுறது நான். இங்கே கட்டுறது வேற ஆளாச்சே!”

கல்யாணம் செய்துகொள்ளாத அவர், சலூனுக்குப் பின்னால் இருந்த வீட்டில் தங்கையோடும் அவள் கணவரோடும் இருந்தார். தங்கைக்கு இரண்டு மாதம் முன்கூட்டியே பெண் பிறந்தது. குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து, மூச்சுவிடப் பழகி, பால் குடிக்கவும் தேறி, வீட்டுக்கு வரலாம் என்று நினைத்த நேரத்தில் குழந்தைக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது.

லாரி ஓட்டப் போயிருந்த மாப்பிள்ளை போனில் தீர்ப்பே சொல்லிவிட்டார். “மச்சான், இது உங்க வம்சத்துக் கொதிப்புதான். சந்தேகமே இல்ல.”

டாக்டர் வேறு காரணம் சொன்னார். பிறந்தவுடன் தொப்புள் வழியாக ஒரு மெல்லிய குழாய் போட்டிருந்தார்கள். அதனால் உண்டான சிறு ரத்தக் கட்டி, சிறுநீரகத்துக்குப் போகும் நாளத்தை நெருக்கியிருந்தது. தனக்கு ரத்தம் போதவில்லை என்று நினைத்த சிறுநீரகம் அழுத்தத்தை ஏற்றிவிட்டது. சொட்டு மருந்து கொடுத்தால் கட்டுப்படும். வளர வளரச் சரியாகவும் வாய்ப்புண்டு.

“அப்போ மாமன் மேல கேஸ் இல்ல?” என்றார் ரேடியோ.

“உங்க மேல இல்ல. ஆனா வேலை இருக்கு,” என்றார் தலைமை நர்ஸ். “மருந்து கொடுக்கவும் அழுத்தம் பார்க்கவும் வீட்டுல ரெண்டு பேர் கத்துக்கிட்டாதான் பாப்பாவை அனுப்புவோம்.”

தங்கை முதல் நாளே தேறிவிட்டாள். மாப்பிள்ளை திரும்ப இன்னும் இரண்டு வாரம் ஆகும். மிச்சம் இருந்தது ரேடியோ.

முறை எளிதுதான். தூங்கும் குழந்தையின் வலது மேல்கையில் விரலளவுப் பட்டையைச் சுற்ற வேண்டும். பிறகு கால் மணி நேரம் சத்தமில்லாமல் காத்திருந்து, சற்று இடைவெளி விட்டு மூன்று முறை பார்க்க வேண்டும். குழந்தை அழுதால் அளவு எகிறும், எல்லாம் முதலிலிருந்து.

பட்டையை அவர் சுற்றிய அழகைக் கண்டு நர்ஸ் தலையசைத்தார். அடுத்த நிமிடமே, “சிஸ்டர், இந்த நெத்தி முடியைப் பாருங்களேன், அப்படியே எங்கம்மா…” என்றார். குழந்தை வீறிட்டது.

“உங்க பேச்சால ஏறின அளவுக்கு நான் மருந்து கொடுக்கணுமா, சார்?”

மறுநாள் கிசுகிசுத்தார். அவர் கிசுகிசுத்ததற்கே பக்கத்து இன்குபேட்டர் குழந்தையும் கண்ணைத் திறந்தது.

“நாளைக்குக் கடைசியா ஒரு தடவை பார்க்கலாம்,” என்றார் நர்ஸ். “இல்லேன்னா அவங்கப்பா வர்றவரைக்கும் பாப்பா இங்கதான்.”

பேருந்தில் தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். அதைவிட அவள் நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்றிருந்தது ரேடியோவுக்கு.

மாலையில் தேநீர் கொண்டுவந்தவள் கடை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கையால் வாடிக்கையாளரின் காதை மடக்கி, மறு கையால் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார் அண்ணன். சீப்பு அவர் பல்லுக்கிடையில் இருந்தது. கடையில் சத்தமே இல்லை.

“அண்ணா, சீப்பு! அது வாயில இருந்தா நீ பேசறதே இல்லையே!” என்று கத்தினாள். வாடிக்கையாளர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள், வெளிச்சீப்பை வார்டுக்குள் விடமாட்டேன் என்றார் நர்ஸ். தொண்டை பார்க்க நாக்கை அழுத்தும் மரக்குச்சி ஒன்றைப் புதிதாகப் பிரித்துக் கொடுத்தார். ரேடியோ அதைக் கடித்துக்கொண்டு முகக்கவசத்தை மாட்டினார். கவசம் கூடாரம்போல் நிமிர்ந்து நின்றது. கால் மணி நேரத்தில் சொல்ல வந்த விஷயங்களையெல்லாம் புருவத்தாலேயே சொல்லி முடித்தார். குழந்தை அசையவில்லை. மூன்று அளவுகளும் டாக்டர் வைத்த எல்லைக்குள் அடங்கின.

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சமயம் பார்த்து நர்ஸ் பெரிய பட்டை ஒன்றை அவர் கையில் சுற்றிவிட்டார்.

“ம்ம்! ம்ம்ம்!”

“வாயைத் திறந்தா பாப்பா முழிச்சுக்கும். ஆட்டாம வைங்க.”

அளவை நர்ஸ் இரண்டு முறை பார்த்தார். “உங்க மருமகளைவிட உங்களுக்குத்தான் முதல்ல மருந்து வேணும், சார்.”

மருமகள் வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு தினமும் காலையில் கொஞ்ச நேரம் சலூனில் வேலை நிற்கும். பாதி மீசையோடு நாற்காலியில் இருப்பவர் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருப்பார். வீட்டுப்பக்கத் திரைக்குப் பின்னால், குழந்தையருகே சீப்பைக் கடித்துக்கொண்டு ரேடியோ காத்திருப்பார். பிறகு அவளுக்குச் சொட்டு, அவருக்கு மாத்திரை.

குழந்தை தவழத் தொடங்கியபோது டாக்டர் சொட்டு மருந்தை நிறுத்தினார். தன் மாத்திரைச் சீட்டையும் ஆசையோடு நீட்டினார் ரேடியோ. டாக்டர் அதைப் படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“பார்த்தியாடி,” என்றார் ரேடியோ, மடியில் இருந்த மருமகளிடம். “என்கூடவே சேர்ந்த நீ பாஸாயிட்டே. என்னை அதே வகுப்புல உட்கார வச்சுட்டாங்க!”

அவள் அவர் சட்டைப்பையிலிருந்து சீப்பை உருவி, அவர் வாய்ப்பக்கம் நீட்டினாள்.