மேல் மண் மட்டும்

ஊரில் அவளை வெங்காயக்காரி என்றுதான் சொல்வார்கள். மூன்று ஏக்கரில் வருஷத்துக்கு இரண்டு போகம் வெங்காயம் போட்டவள். புருஷன் சொந்த லாரி ஓட்டினான். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். உழவு, தண்ணீர், அறுவடை, வியாபாரியோடு வாய்ச்சண்டை எல்லாம் அவள் பாடு.

நிலம் அப்பா வழியில் வந்தது. அப்பா இறந்ததும் பாகம் பிரித்தார்கள். வீடு தம்பிக்கு, நிலம் அவளுக்கு. தம்பி பதிவு அலுவலகத்தில் எழுத்தர். பத்திரத்தை அவனே தயார் செய்து களத்துக்குக் கொண்டுவந்தான். வெங்காயம் காய்ந்துகொண்டிருந்தது, மழை இருட்டிக்கொண்டு வந்தது. "எங்கடா போடணும், காட்டு" என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். ஆறாம் பக்கத்தில் இருந்த ஒரு வரி நான்கு வருஷம் கழித்துத்தான் அவளுக்குத் தெரிந்தது. நிலத்தின் மேல் மண் மட்டும் அவளுக்கு. அடியில் என்ன கிடைத்தாலும் தம்பிக்கு. சட்டம் அதற்கு இடம் கொடுத்திருந்தது.

எண்ணெய்க் கம்பெனி ஆட்கள் வந்து சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார்கள். பிடுங்கி அடுப்பில் வைத்தாள். மறுநாள் கம்பெனி மேனேஜரோடு தம்பி காரில் வந்தான். சேறு ஒட்டும் என்று கீழே இறங்கவில்லை.

"அக்கா, கம்பெனிக்கு எழுதிக் குடுத்தாச்சு. சும்மா தகராறு பண்ணாத."

"என் நிலத்த நீ எப்படிடா எழுதிக் குடுப்ப?"

"உன் நிலத்த யாரு கேட்டா? உன் வெங்காயத்துக்கு வேர் எவ்ளோ ஆழம் போகும், ஒரு சாண்? அது உன்னோடது. மிச்சம் என்னோடது."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார்.

வக்கீல் ஆறாம் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். "கையெழுத்து உங்களோடதுதானே? அப்ப நான் என்னம்மா பண்ண முடியும்? துளை போட மேல வந்துதானே ஆகணும், வழி விடணும்னும் எழுதியிருக்கு."

வெங்காயம் முற்ற இன்னும் இருபது நாள் இருந்தது. அந்த இருபது நாளை மேனேஜரிடம் கெஞ்சிக் கேட்டாள். அவர் நான்கு நாள் கொடுத்தார். ஐந்தாம் நாள் காலை, பாதிப் பயிர் நிலத்தில் நிற்க, அவள் வண்டிப்பாதையின் குறுக்கே உட்கார்ந்தாள். பக்கத்துத் தோட்டக்காரர்கள் பத்துப் பேர் கூட உட்கார்ந்தார்கள். போலீஸ் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் மட்டும் எழவில்லை. பதினான்கு வயது மகள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழாய் ஏற்றிய லாரி வந்தது. ஹாரன் சத்தத்திலேயே யாருடைய வண்டி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெளியூர் லோடு என்று சொல்லிவிட்டுப் போன புருஷன், ஒரு மாதமாகக் கம்பெனிக்குத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏன் வண்டி நிக்குது?" என்றார் மேனேஜர்.

அவன் இறங்கி வந்தான். "எழுந்திரு. வீட்ல பேசிக்கலாம்."

"ஏத்திட்டுப் போ."

சுற்றிலும் பார்த்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து, ஒரு கையைப் பிடித்து, மூட்டையை இழுப்பதுபோல் அவளைப் பாத்திக்குள் இழுத்துப் போட்டான். தோள்மூட்டு விலகிய சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கும். ஏறி, வண்டியை உள்ளே விட்டான்.

பதினோரு மாதம் துளை போட்டார்கள். அவள் கிணற்றுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. கடைசியில் அடியிலிருந்து உப்புத் தண்ணீரும் கறுப்புச் சேறும்தான் வந்தன. கம்பெனி மூட்டை கட்டியது. அதை நம்பி வேலையை விட்டிருந்த தம்பி நடுத்தெருவில் நின்றான். செய்தி கேட்ட அன்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள், வெகுநேரம்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சேறு கொட்டிய குழியை நிலத்துக்காரரே மூட வேண்டும் என்று அரசாங்கக் கடிதம் வந்தது.

"தோண்டினது அவங்க சார்" என்று ஆபீசில் போய் நின்றாள்.

"குழி மேல்மண்ணுலதானம்மா இருக்கு" என்றார் அங்கிருந்தவர், தலை நிமிராமல்.

காதுக்கு மேல் தூக்க முடியாத கையோடு, மிச்சமிருந்த நல்ல இடத்து மண்ணை வெட்டி, கூடை கூடையாகக் கொட்டி இரண்டு வருஷத்தில் மூடினாள். மூடிய இடத்திலும் ஒன்றும் முளைக்கவில்லை, வெட்டிய இடத்திலும் முளைக்கவில்லை. இப்போது மண்டியில் உட்கார்ந்து, அடுத்தவர் வெங்காயத்தைத் தரம் பிரிக்கிறாள்.

புருஷன் லாரியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கிறான். அவனை அவள் துரத்தவில்லை. தட்டில் சோறு வைப்பாள். பேச்சு மட்டும் அன்றோடு சரி. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், "உங்கப்பாகிட்ட சொல்லு, கூரை ஒழுகுது" என்பாள், அவன் மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே. மகள் அதை அப்படியே திருப்பிச் சொல்வாள். போன வருஷம் மகளுக்குக் கல்யாணமாகிப் போய்விட்டது. இப்போது சொல்ல ஆளும் இல்லை.

ஊர்க் கிணறுகளும் கெட்டதிலிருந்து அவள் தெருவுக்குத் தண்ணீர் வண்டி வருகிறது. அவள் குடத்தோடு வரிசையில் நிற்பாள். பின்னாலேயே அவன் இன்னொரு குடத்தோடு வந்து நிற்பான்.

புதிதாக வந்த தண்ணீர்க்காரர் ஒருநாள் கேட்டார்: "ரெண்டு குடமும் ஒரே வீட்டுக்கா?"

"இல்ல" என்றாள் அவள்.