ஜோடி சேர்க்கும் கம்ப்யூட்டர்காரர்

கீபோர்டைத் துடைத்த கைக்குட்டையாலேயே கண்ணாடியையும் துடைத்து மாட்டிக்கொண்டு, இனி எல்லாம் தெளிவாகத் தெரியும் என்று நம்புகிறார் எங்கள் முதியோர் இல்லத்துக் கம்ப்யூட்டர்காரர். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்: "ஸ்கிரீன்ல இருந்தா இருக்கு. இல்லேன்னா இல்ல." கடவுளைப் பற்றிக்கூட இவ்வளவு உறுதியாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

நாற்காலியை விட்டு எழுந்தால் முதுகு பிடித்துக்கொள்ளுமாம். உட்கார்ந்தே இருப்பதால்தான் பிடிக்கிறது என்று இங்கே நர்ஸாக இருக்கும் நான் சொன்னதை அவர் எங்கும் பதிந்துகொள்ளவில்லை.

சமையலறைக்குக் காலைச் சாப்பாட்டுப் பட்டியலை அனுப்புவது அவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரல்தான். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்காக ஓடுவதைச் சும்மா விடுவாரா? ஒவ்வொருவரும் சாப்பிட்டதும் உறவினர் போனுக்குச் செய்தி போகவேண்டும் என்று, இங்கே இருப்பவர்களின் அட்டவணையோடு உறவினர் அட்டவணையை இணைத்தார். இரண்டிலும் ஜோடி சேர்ந்த பெயர்கள் மட்டும் பட்டியலில் நின்றன. கடைசி அறையில் தங்கியிருக்கும் பழைய தையல்காரருக்கு உறவென்று யாரும் இல்லை. ஆகவே அவருக்குப் பசியும் இல்லை என்று முடிவாயிற்று.

அவர் சர்க்கரை நோயாளி. நான் இன்சுலின் போட்டுவிட்டேன், தட்டு வரவில்லை. சர்க்கரை இறங்கி வியர்த்துக் கை நடுங்கியவரைக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து நிமிர்த்தினேன். விஷயம் தெரிந்ததும், உறவு இல்லாதவர்களும் வரும்படி இணைப்பை மாற்றிவிட்டதாகக் கம்ப்யூட்டர்காரர் பெருமையோடு அறிவித்தார். போன் எண் உள்ளவர்களை மட்டும் எடு என்று அதே நிரலில் கீழே போட்டிருந்த வடிகட்டியை மட்டும் மறந்துபோனார். தையல்காரரை வாசலில் வரவேற்று, கொல்லைப்புறமாக வெளியே தள்ளியாயிற்று.

மறுநாள் தட்டைக் கண்ணால் பார்க்காமல் நான் ஊசியைத் தொடவில்லை. தட்டு வரவில்லை.

"என்னம்மா, இன்னிக்கும் நான் இல்லையா?" என்றார் தையல்காரர்.

அதை அப்படியே போய்ச் சொன்னேன். கம்ப்யூட்டர்காரர் திரையில் அந்தப் பெயரைத் தேடினார், இல்லை. வடிகட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்து, செய்தி அனுப்பும் இடத்தில் வைத்தார். தையல்காரர் திரைக்கு வந்தார். பக்கத்தில் உறவினர் கட்டம் காலியாக இருந்தது. அதில் கம்ப்யூட்டர்காரர் தம்முடைய போன் எண்ணைத் தட்டினார்.

"காலியா இருந்தா பாக்க நல்லால்லம்மா," என்றார், நான் கேட்காமலே.

இன்று காலை அவர் போன் சிணுங்கியது. தங்கள் அன்புக்குரியவர் சாப்பிட்டுவிட்டார் என்று செய்தி. படித்தார். திரையையும் ஒருமுறை பார்த்தார். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கடைசி அறை வரை நடந்துபோய், தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.